பொருள் எண் நான்கு

"விவாதிக்கப்பட்டது" என்று எழுதுவேன்.
யார், எந்தக் குரலில், மேசையைத் தட்டியா தட்டாமலா
என்பதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லை.

பதினான்கு வருடமாக இந்த மேசையின் ஓரம் எனக்கு,
கைஸ்லாயொகி நகராட்சியின் எழுத்தருக்கு.
ஜனவரி. பிற்பகல் மூன்று.
பின்லாந்தின் இந்த மூலையில்
பொழுது அதற்குள் கடையைச் சாத்திவிட்டது.

பொருள் எண் நான்கு: மழலையர் பள்ளிக்குப் புதுக் கட்டடம்.
நாற்பது பிள்ளைகளுக்கா, அறுபதுக்கா?

ரைலி வரைபடத்தை விரிக்கிறாள்.
நான்கு மூலைக்கும் நான்கு காப்பிக் கோப்பை,
இல்லையென்றால் பள்ளி சுருண்டு படுத்துக்கொள்கிறது.
போன வருடம் பிறந்தவை பத்தொன்பது.
அதற்கு முந்தைய வருடம் முப்பத்தொன்று.
இனி வரும் வருடங்களுக்கு ஒரு புள்ளிக்கோடு
சரிந்து சரிந்து போகிறது,
எந்த வீட்டுக் கதவையும் தட்டாமல்.

"பிறக்காத பிள்ளைக்கு நாற்காலி எதற்கு?"
தௌனோ. காகித ஆலையில் முப்பது வருடம்
எல்லாவற்றையும் டன் கணக்கில் யோசித்தவர்.
"நாற்காலி இருந்தால்தானே ஊரில் ஆள் நிற்கும்?"
வுவோக்கோ. சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள்
பேருந்து நிலையத்தின் மாடியில்
ஆளுக்கு ஓர் அறையில் இருக்கின்றன.
அங்கே ஏழு பிள்ளைகள், அவளே போய் எண்ணினாள்.
ஏழு பேரும் புள்ளிக்கோட்டில் ஏறவில்லை.

பிறகு செலவைக் குறைக்கும் படலம்.
ஈர உடை காயும் அலமாரி ஆறு; இரண்டு போதாதா?
பனியில் புரண்டு வந்த கால்சட்டையை,
அது விறைத்து நிற்கும்போதே,
அழுகிற காலில் ஏற்றிப் பார்த்தவர்
அந்த அறையில் இரண்டு பேர். அவர்கள் சிறுபான்மை.

ஜன்னல் தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டரில்.
தொண்ணூறுக்கு உயர்த்தினால் வெப்பம் மிச்சம்.
"உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுக்கு
ரயில் தெரிய வேண்டும்" என்றாள் ரைலி.
ரயில் எத்தனை முறை வருகிறது? நாளைக்கு இரண்டு.
இரண்டு ரயிலுக்கு எட்டு ஜன்னலா என்று
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பைப் பதிவுசெய்வதில்லை.

வெப்பக்குழாய் பழுதைப் பார்க்க வந்திருந்த ஆர்வோ,
பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநர்,
முழங்காலிட்டபடியே தலையைத் திருப்பினார்.
"கதவை வடக்கே வைத்திருக்கிறீர்கள்.
கூரைப் பனி மொத்தமும் அங்கேதான் விழும்."

காப்பி ஆறும் அளவுக்கு ஓர் அமைதி.
ரைலி அழிப்பானைத் தேடினாள்.

நான் எழுதினேன்:
கதவைக் கிழக்கே மாற்ற ஒருமனதாகத் தீர்மானம்.
கட்டடம் ஒத்திவைக்கப்பட்டது.

பொருள் ஐந்து. ஆறு.
பொருள் ஏழு: சறுக்குத் திடலுக்கு விளக்கு வேண்டி
நான்காம் வகுப்பு மாணவர்களின் மனு.
இரண்டாவது கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்து,
ஆமோஸ் யுன்டுனென்.
இந்தப் பெயரை நான் அறிவேன்.
மழலையர் பள்ளிக்கு இடமில்லாமல் காத்திருந்தோரின்
முதல் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.
பதினோராவது வரிசை. வயது நான்கு.
அந்தப் பட்டியலுக்காகத்தான்
ரைலியின் முதல் வரைபடம் பிறந்தது.
பையன் எங்களுக்காக நிற்கவில்லை, வளர்ந்துவிட்டான்.

இரண்டு விளக்கு. மூன்றே நிமிடத்தில் ஒப்புதல்.

எல்லோரும் போன பின்
நடைகூடத்தில் முட்டி போட்டுப் பார்த்தேன்.
என் முட்டியில் சத்தம்.
அந்த உயரத்திலிருந்து இந்த நகராட்சி
ஒரு வெப்பக்குழாய், குடைகள், சுவர்.
என் மேலங்கி கொக்கியில், எட்டாத தூரத்தில்,
யாரோ பெரியவர் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து கோப்பைகளை அகற்றினேன்.
வரைபடம் பழையபடி சுருளப் போனது, பிடித்துக்கொண்டேன்.
தௌனோவின் கோப்பை இருந்த இடத்தில்,
விளையாட்டு முற்றத்தின் மேல்,
பழுப்பாக ஒரு வளையம்.
துடைக்கத் துணியை எடுத்தவள்
அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
மணல்தொட்டிக்கு ஏறக்குறைய சரியான அளவு.
அப்படியே விட்டுவிட்டேன்.